பழைய ஜிப்சியை முகாம் வண்டியாக்க இரு வழிகள்: உயரம் கூட்டுவதா, எடை குறைப்பதா?

மாருதி ஜிப்சியின் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. ஆகவே திருநெல்வேலிச் சீமையில் இன்று ஒருவர் ஜிப்சி வாங்கினால் அது பழைய வண்டியாகத்தான் இருக்கும். வாங்கியதும் எழுகிற முதல் கேள்வி, அதைக் கூடாரமும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு தடமற்ற இடங்களுக்குப் போகத் தக்க வண்டியாக எப்படி மாற்றுவது என்பதே. பட்டறைகளில் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது உயரம் கூட்டும் வழி: ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியைத் தூக்குவது, 31 அங்குல டயர் போடுவது, முன்னால் இரும்பு பம்பரும், புதைந்த வண்டியைக் கம்பியால் இழுத்து மீட்கும் வின்ச்சும், கூரைமேல் கேரியரும் அதன்மேல் விரியும் கூடாரமும் பொருத்துவது. மற்றது, வண்டியின் உயரத்தைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிட்டு, நல்ல டயர், காற்றைக் குறைத்து ஏற்றும் கருவி, கழற்றி மாட்டத்தக்க படுக்கைப் பலகை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளும் வழி. என்னிடம் உள்ளது 80 குதிரைத்திறன் கொண்ட எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்) ஜிப்சி, நான் தேர்ந்தது இரண்டாவது வழி. இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எந்த வழியில் போனாலும் முதலில் செய்ய வேண்டியவை ஒன்றுதான். உவரி, கூடுதாழை போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) துரு இருக்கிறதா என்று படுத்துப் பார்க்க வேண்டும். கிங்பின் பேரிங், வீல் பேரிங், ஸ்பிரிங் புஷ், பிரேக், முன்சக்கர ஹப் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகே மற்றதைப் பேச வேண்டும். 1298 சி.சி. எஞ்சின் எஸ்டீம் காரிலும் வந்த குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், எஞ்சின் வேலை தெரிந்த மெக்கானிக்குக்கு அது புதிதாக இருக்காது.

உயரம் கூட்டுவதில் ஓர் அடிப்படைக் குழப்பம் இருக்கிறது. ஜிப்சிக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டான ஆக்சில். லீஃப் ஸ்பிரிங்குகள் அதன் அடியில் பூட்டப்பட்டிருக்கின்றன. ஸ்பிரிங்கையோ அதைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளையோ நீட்டி வண்டியைத் தூக்கினால் உடல்தான் உயரும். ஆக்சிலின் நடுவில் தொங்கும், சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லிலும் மேட்டிலும் முதலில் முட்டுவது அந்தக் குண்டு என்பதால், அதைத் தரையிலிருந்து தூக்க டயரின் விட்டத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. உடலைத் தூக்குவதன் முதன்மைப் பயன், பெரிய டயர் சக்கர வளைவில் உரசாமல் சுழல இடம் கிடைப்பதும், முன்பின் மூக்குகள் மேட்டில் இடிக்காமல் இருப்பதும்தான். இதற்கான விலை, எஞ்சினின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி அதிர்வு வருவதும், நீண்ட ஷாக்கிளால், வண்டி நேராக ஓட உதவும் முன் ஆக்சிலின் காஸ்டர் கோணம் குறைந்து நான்குவழிச் சாலையில் வண்டி அலைபாய்வதும் ஆகும். 1540 மில்லிமீட்டர் மட்டுமே அகலமுள்ள வண்டியின் எடைமையத்தை மேலே ஏற்றினால் சாய்வான நிலத்தில் கவிழும் அபாயமும் கூடும்.

சரி, பெரிய டயரையே எடுத்துக்கொள்வோம். 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். 31 அங்குல டயரின் விட்டம் சுமார் 787. டிஃபரன்ஷியலுக்கு அடியில் கிடைக்கும் கூடுதல் இடைவெளி இவற்றின் வித்தியாசத்தில் பாதி, அதாவது ஏறக்குறைய 60 மில்லிமீட்டர். இது நல்ல ஆதாயம்தான். ஆனால் அதே மாற்றம் கியர் விகிதத்தை 18 விழுக்காடு அளவுக்கு நீட்டிவிடுகிறது; சக்கரத்தில் கிடைக்கும் இழுவை அதற்கேற்பக் குறைகிறது. ஜிப்சியின் எஞ்சின் தன் இழுவையைச் சுமார் 4500 சுற்றுகளில்தான் முழுமையாகத் தருகிறது. கீழ்ச்சுற்றில் அதற்குப் பலம் குறைவு. டீசல் ஜீப்பில் இந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாது. பெட்ரோல் ஜிப்சியில் ஒவ்வொரு மேட்டிலும் தெரியும். நான் போட்டிருக்கும் 215/75 ஆர்15 டயரில் விட்டம் சுமார் 5 விழுக்காடு கூடியிருக்கிறது. இடைவெளி 18 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. கியரில் வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என் முடிவைத் தீர்மானித்தது எடை. மென்கூரை ஜிப்சியின் வெற்று எடை சுமார் 985 கிலோ. சேஸிஸும், இரண்டு ஆக்சிலும், நான்கு சக்கர இழுவையும், மெல்ல ஆனால் பலமாக இழுக்க உதவும் லோ கியரும் உள்ள ஒரு வண்டி ஒரு டன்னுக்குள் அடங்குவதே ஜிப்சியின் தனிச்சிறப்பு என்பது என் கருத்து. உயரம் கூட்டும் வழியில் என்னென்ன ஏறுகின்றன என்று கூட்டிப் பாருங்கள்: இரும்பு பம்பர் 30 கிலோவுக்கு மேல், வின்ச் 35 முதல் 40 கிலோ, கூரைக் கேரியர் 25 அல்லது 30, கூரைக் கூடாரம் 50-ஐ ஒட்டி, பெரிய டயர்கள் ஐந்துக்கும் சேர்த்து இன்னும் 40 என, ஆள் ஏறும் முன்பே வண்டியின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. மூன்று பெரியவர்களை எப்போதும் சுமந்துகொண்டு திரிவதற்கு இது ஒப்பாகும். அதற்குமேல்தான் தண்ணீர் கேன்களும், அடுப்பும், அரிசிப் பையும் வருகின்றன.

இந்த எடை எங்கே வலிக்கும் என்பது நாம் எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்தது. நம் பகுதியின் மலைக்காடு பெரும்பாலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே தடம் விட்டு ஓட்டுவதோ நினைத்த இடத்தில் கூடாரம் அடிப்பதோ குற்றம். அது அப்படியே இருக்கவும் வேண்டும். வனத்துறை அனுமதியோடு போகிற மாஞ்சோலைப் பாதைக்கு வண்டியைத் தூக்கத் தேவையில்லை. அரசுப் பேருந்து ஏறிய தடம் அது. எஞ்சுவன திசையன்விளை, குட்டம் பக்கத்துச் செம்மணல் தேரி நிலங்கள், கோடையில் வறண்டு கிடக்கும் நம்பியாற்று மணல், பணகுடி அடிவாரத்துத் தோட்டங்கள், மானூர்ப் பக்கத்துக் கரிசல் ஆகியவையே. தேரியிலும் காப்புக்காடான பகுதிகளை விட்டுவிட்டு, பட்டா நிலத்தில் உரியவரிடம் கேட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

தேரியின் செம்மணல் காற்று கொண்டுவந்து குவித்தது. நண்பகல் வெயிலில் அது பொலபொலவென்று இளகிவிடும். அதில் ஓடுவதற்கு வேண்டியது இடைவெளி அல்ல, மணலை அதிகம் அழுத்தாமல் மிதப்பது. டயரில் காற்றை 16 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் டயர் நீளவாக்கில் பரந்து பதிந்து, இலகுவான வண்டியைப் புதையாமல் தாங்குகிறது. அதே காற்றில் கனமான வண்டியின் டயர் அளவுக்கு மீறிப் பிதுங்கி, திருப்பத்தில் ரிம்மை விட்டுக் கழலும் ஆபத்து உண்டு. எனவே கனமான வண்டிக்காரர்கள் காற்றை அவ்வளவு குறைக்க முடிவதில்லை. புதைந்துவிட்டால் வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். இலகுவான ஜிப்சியை மண்வெட்டியும் இரண்டு மணல் பலகைகளும் கொண்டு, மூன்று பேர் தள்ளி மீட்டுவிடலாம். கனமான வண்டிக்கு இன்னொரு வண்டி வந்தாக வேண்டும். வின்ச் இருக்கிறதே என்பார்கள். அதன் கம்பியை எதில் கட்டுவது? திறந்த தேரியில் அருகில் பனையோ கொல்லாமரமோ இல்லாத இடங்களே மிகுதி. உடைமரம் அந்த இழுவையைத் தாங்கும் என்று நான் நம்பமாட்டேன். உடைமுள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை: வெள்ளை வெளேரென்று நீண்டிருக்கும் அந்த முள்ளுக்கு எந்த டயரும் விலக்கல்ல. பஞ்சர் சாமான்களும் 12 வோல்ட் கம்ப்ரசரும் எந்தப் பம்பரைவிடவும் இங்கே அவசியமானவை.

படுக்கும் வசதியில் கூரைக் கூடாரம் முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பேர் நீட்டிப் படுக்கலாம். பூச்சி பொட்டுப் பயம் இல்லை. என் வண்டியில் ஒட்டுப்பலகையால் செய்த மேடை இருக்கிறது. முன்னிருக்கையை மடக்கினால் ஒருவர் படுக்கலாம், இன்னொருவர் பக்கவாட்டில் கட்டிய தார்ப்பாயின் கீழ் சிறு கூடாரத்தில் கோரைப்பாய் விரித்துத்தான் படுக்க வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது போதாது. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றில், உயரத்தில் விரித்த கூடாரம் இரவெல்லாம் படபடத்து வண்டியையே ஆட்டும். தரையோடு ஒட்டிப் படுக்கிறவருக்கு அந்தத் தொல்லை குறைவு.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாக: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. இரும்பு முட்டுக்கம்பிகளுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அறிவுறுத்தியிருந்தது. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். பழைய ஜிப்சிக்காரர் எல்லோருக்கும் அந்த நாள் வந்தே தீரும். பலகையையும் தார்ப்பாயையும் அரை மணி நேரத்தில் கழற்றிவிடலாம். வெட்டி ஒட்டிய சேஸிஸை அப்படிச் செய்ய முடியாது. விற்கும்போதும் கைபடாத ஜிப்சிக்கே கேட்பு அதிகம்.

உயரம் கூட்டுவதே சரி என்று சொல்லத்தக்க இடங்களும் உண்டு. ஆழமான டிராக்டர் தடங்கள் விழுந்த கரிசலில், ஐப்பசி மழைக்குப் பின், டிஃபரன்ஷியல் தரையைத் தேய்க்காமல் போக அந்த 60 மில்லிமீட்டர் பெரிய உதவியாக இருக்கும் என்றே நினைக்கிறேன். ஈரக் கரிசலில் நான் அதிகம் ஓட்டியதில்லை, ஆகவே இதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். பாறைத் தடங்களுக்காக வேறு மாநிலங்களுக்குப் போகிறவர்கள், கூடவே இன்னொரு வண்டியும் வருகிறவர்கள், இவர்களுக்கும் என் கணக்கு பொருந்தாது. அப்படிச் செய்கிறவர்கள் 31 அங்குலத்துக்குப் போகாமல் 235/75 ஆர்15 அளவில் நின்றுகொள்வது நல்லது. கியர் இழப்பு 10 விழுக்காட்டோடு நிற்கும், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் எடையும் கதவுக் கீலை அவ்வளவாக இழுக்காது.

அடுத்து நான் யோசித்துக்கொண்டிருப்பது பின் டிஃபரன்ஷியலுக்கு ஒரு லாக்கர். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழலும்போது மற்றதற்கும் இழுவை கிடைக்கச் செய்யும் இந்தப் பாகம், குண்டுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் எடையில் பெரிய மாற்றம் செய்யாது. மஹிந்திரா தன் பழைய தாரில் 2015-இல் இதைக் கம்பெனியிலிருந்தே கொடுத்தது; ஜிப்சிக்கு அப்படி வரவில்லை. நம்பியாற்று மணலில் குறுக்குப்பள்ளம் தாண்டும்போது என் வண்டிக்குக் குறைவாகத் தெரிவது இது ஒன்றுதான்.