கோத்தகிரி வீடு, ஏழு வருடம் கழித்து: காலை வெயிலும் ஓதச் சுவரும்

போன மாதம் பின்சுவர் வேலை முடிந்தது. சுவருக்கும் மலைக்கும் நடுவே மண்ணை வெட்டி எடுத்து, வாய்க்கால் போட்டு, உள்பக்கம் சிமெண்ட் பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூச மொத்தம் 1,60,000 ரூபாய் ஆனது. கடைசித் தவணையைக் கொடுத்த அன்று சாயங்காலம் திருச்சியிலிருந்து தோழி கூப்பிட்டாள். அவளும் வீட்டுக்காரரும் அடுத்த வருடம் ரிட்டயர் ஆகிறார்கள். "ஊட்டியா, குன்னூரா, கோத்தகிரியா? ஒண்ணு சொல்லுடி, அங்கேயே வீடு பார்த்துடறோம்" என்றாள். போனில் என்னென்னவோ உளறினேன். வைத்த பிறகுதான், அவள் கேட்ட கேள்வியையே மாற்றிக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. 2018-இல் நானும் அதே கேள்வியைத்தான் எல்லோரிடமும் கேட்டேன்.

எது எவ்வளவு உயரம், எங்கே எவ்வளவு குளிர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஊர் என்ற அளவில் உண்மையான வித்தியாசம் மழை வரும் திசையில் இருக்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். அந்த மழையில் பெரும்பகுதியைத் தொட்டபெட்டா மலை தடுத்துவிடுவதால் கோத்தகிரியில் ஜூலை என்றால் சாரலும் மூடுபனியும்தான். எங்களுக்கும் குன்னூருக்கும் நிஜமான மழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை போகும். ஊட்டிக்கு இரண்டிலும் பங்கு உண்டு, அதற்கு மேல் டிசம்பர், ஜனவரியில் உறைபனி. ஊரைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். இனி நான் சொல்ல வந்தது வீட்டைப் பற்றி.

நாங்கள் இந்த வீட்டை முதன்முதலில் பார்த்தது மே மாதம், மாலை நாலரை மணிக்கு. மேற்குப் பார்த்த சரிவு. முன்னால் தேயிலை இறங்கிப்போய் ஒரு பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் தொட்டபெட்டா பக்கம் சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. வராந்தாவில் நின்ற என் கணவர் ஐந்து நிமிடம் பேசவே இல்லை. வீட்டைக் காட்டிய தரகர் ஒன்று சொன்னார்: "இந்த வியூவுக்கே காசு கொடுக்கலாம் சார்." கொடுத்தோம். பி.எஃப். பணம் முழுக்கப் போனது. சுவர்களுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஏன் அடித்தார்கள் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. ஏழு வருடம் கழித்தும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

நவம்பர் வந்தது. சமவெளியில் பிறந்த நமக்கு வெயில் என்பது தப்பித்து ஓட வேண்டிய ஒன்று. வீட்டுக்குள் வெயில் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று என் வாழ்நாளில் நான் கணக்குப் பார்த்ததே இல்லை. இங்கே பார்க்க வேண்டும். மலையில் காலையில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். மதியம் நெருங்க நெருங்க பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வரும். ஒரு மணிக்கு எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியாது. ஆக, மழைக்காலத்தில் கிடைக்கிற வெயில் எல்லாம் காலை வெயில்தான். என் வீட்டுக்குக் கிழக்கே, முதுகுப் பக்கம், மலை நிற்கிறது. அந்த நவம்பரில் வாசலில் வெயில் விழுந்த நேரம் பத்து நாற்பது. மேகம் மூடியது பன்னிரண்டரைக்கு. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. எதிர்ச்சரிவில் கிழக்குப் பார்த்த வீடுகளில் ஏழு மணிக்கே துணி காயும். சமையலறை ஜன்னலில் நின்று அந்தத் துணிக்கொடிகளைப் பார்த்துக்கொண்டே நான் காபி குடிப்பேன்.

வெயில் குறைந்த வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் உப்பு தண்ணீர் விட்டது. பிறகு அப்பளம் துணி மாதிரி மடங்கியது. பரணில் இருந்த என் கணவரின் தோல் செருப்பில் சாம்பல் பூசிய மாதிரி பூஞ்சணம் பூத்தது. மூன்றாவது மழையில் பீரோவைத் திறந்து என் கூறைப் புடவையை எடுத்தேன். மேல்மடிப்பு நன்றாக இருந்தது. உள்மடிப்பைப் பிரித்தால் ஜரிகை ஓரமாக வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் கடுகளவு, வரிசையாக. விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டியது. அரக்குப் பட்டில் அந்தத் தடம் இன்றும் போகவில்லை. அதன் பிறகுதான் பக்கத்து வீட்டு அம்மா சொன்னபடி பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு இரவு பகலாக எரிய விட்டேன். ஈரம் உறிஞ்சும் மிஷினும் வாங்கினோம். அதன் வாளி மழை நாளில் இரண்டு தடவை நிரம்பும். காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால் எல்லாம் பழையபடி.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பின்சுவரைத்தான் பொறுக்க முடியவில்லை. படுக்கையறையின் கிழக்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு ஓதம் ஏறியது. பெயிண்ட் கொப்புளித்து, உதிர்ந்து, உள்ளே உப்புப் பூத்தது. என் கணவருக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. குளிர்ந்த காற்று நல்லது என்று நம்பித்தான் இங்கே வந்தோம், ஆனால் அந்த அறையில் படுத்தால் விடியற்காலை நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். தண்ணீர் புகாத பெயிண்ட் என்று மூன்று தடவை அடித்தோம். மூன்று தடவையும் அடுத்த பொங்கலுக்குள் உரிந்தது. ஓதத்தின் விளிம்பு எங்கே நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுத ஆரம்பித்தேன். 2021 டிசம்பர் கோடு என் முட்டிக்கு மேலே. 2023 டிசம்பர் கோடு அதற்கும் நாலு விரல் உயரத்தில். மழை நின்ற பிறகும், ஜனவரியிலும், கோடு ஏறியது. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

புரிய வைத்தவர் இந்த வருடம் வந்த மேஸ்திரி. சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வீட்டுக்குப் பின்னால் போனார். மலையை வெட்டித்தான் வீடு கட்டியிருக்கிறார்கள், அந்த வெட்டுக்கும் சுவருக்கும் நடுவே காலப்போக்கில் மண் சரிந்து இரண்டரை அடிக்கு மூடியிருந்தது. மேலே செடி வளர்ந்து அழகாக இருந்ததால் நான் அதைத் தோட்டம் என்று நினைத்திருந்தேன். "செவுத்துல ஒண்ணும் இல்லக்கா. மலை மூணு மாசம் தண்ணி குடிச்சு வச்சிருக்கு. வெளிய விட வழி இல்ல, உங்க வீட்டுக்குள்ள விடுது" என்றார். மண்ணை எடுத்தபோது சுவரின் அடிக்கல் கறுத்து, நனைந்து, பாசி பிடித்துக் கிடந்தது. செப்டம்பர் மாதம், பெரிய மழை இன்னும் வரவே இல்லை, அப்போதே வெட்டிய குழியில் காலைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஊறியது. பழைய கல் சுவருக்கு மேல் யாரோ சிமெண்ட் பூசி, அதற்கு மேல் நான் பெயிண்டும் அடித்ததால், உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியே இல்லாமல் போயிருக்கிறது. சுண்ணாம்பு அப்படி அடைக்காது, ஈரத்தை மெதுவாக வெளியே விட்டுவிடும். இப்போது சுவரை விட்டு விலகி ஒரு வாய்க்கால், அடியில் ஜல்லி, வெட்டுக்கு முன்னால் தண்ணீர் வடியத் துளை விட்ட தடுப்புச் சுவர்.

மலை தண்ணீரைக் குடித்து மெதுவாக விடுவதால்தான் இந்த ஊருக்கே வாழ்வு, அதையும் சொல்ல வேண்டும். கோத்தகிரியை ஒட்டி லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர் காடு, சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தண்ணீர் அதிலிருந்து வருகிறது. 2024-இல் அதை ராம்சர் இடமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. கோடையில், கீழே எல்லோரும் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது, சோலை ஓரத்து ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். நானும் கணவரும் வாரத்துக்கு இரண்டு நாள் அந்தப் பக்கம் நடப்போம். ஏழு மணிக்கு முன்னால் போக மாட்டோம், காட்டு மாடும் கரடியும் வீடு திரும்புகிற நேரம் அது. மரத்துக்குள்ளிருந்து நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை கூட்டமாகச் சத்தம் போடும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும், காற்று காய்ந்திருக்கும்போது, அவர் மூச்சு வாங்காமல் அந்த ஏற்றத்தில் ஏறுகிறார். திருச்சியில் இரண்டு மாடி ஏற நின்று நின்று போன மனிதர். இந்த ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட ஃபேன் போட்டுத் தூங்கியதில்லை. அந்தத் தூக்கத்துக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன்.

மற்றதெல்லாம் பழகிவிடும். தோசை மாவு புளிக்க ஒரு நாள் முழுக்க ஆகும். துவரம்பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது. பெரிய வைத்தியம் என்றால் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூர் போக வேண்டும், சீசனில் அந்தச் சாலை ஒருவழி ஆகிவிடும். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், ஆகவே பிள்ளைகள் வரும்போது அந்த ஏற்பாடும் சேர்ந்துகொள்ளும். இவை எதுவும் என்னை அழ வைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா படுகர், தலைமுறைகளாக இந்த மலையிலேயே வாழும் சமூகம். மண் வெட்டுவதைப் பார்க்க வந்தவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "வாங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? வெயில் படாத பக்கம் நாங்க வெதைக்கிற உருளைக்கிழங்கக்கூட வைக்க மாட்டோம்." அவர் பிறந்த ஹட்டிக்கு, அதாவது படுகர் கிராமத்துக்கு, அவர்கள் கும்பிடும் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப்போயிருக்கிறார். வரிசை வீடுகள், எல்லா வாசலிலும் காலை வெயில், பின்னால் சாய்வாக மலை, தண்ணீர் ஒதுங்கிப் போக வழி. அன்று அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். ஏன் அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். 2009 நவம்பரில், ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கும் கேத்தியில், ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை. திருச்சியில் ஒரு வருடம் பெய்வது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த மழையில் நீலகிரி முழுக்கச் சரிவுகள், நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். எந்தச் சரிவு அன்று நகர்ந்தது, எங்கே புதிதாக ஊற்றுக் கிளம்பியது என்று ஊர்க்காரர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். எந்தத் தரகரும் காட்ட மாட்டார்.

ஆகவே தோழிக்கு என் பதில்: மே மாதம் வராதே. நவம்பரில் வா, பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கு. வீடு பார்ப்பதென்றால் காலை எட்டு மணிக்குப் பார், வாசலில் வெயில் விழுந்திருக்கிறதா என்று பார். முன்பக்க வியூவைக் கடைசியாகப் பார், முதலில் பின்னால் போய்ச் சுவருக்கும் மலைக்கும் நடுவே ஓர் ஆள் நடக்க இடம் இருக்கிறதா என்று பார். பீரோவை நகர்த்தச் சொல்லி அதன் பின்னால் கை வைத்துப் பார். புதுப் பெயிண்ட் வாசம் அடித்தால் ஏன் என்று கேள். பக்கத்து வீட்டில் பேசு. எது பிடித்தாலும் முதல் மழை முடியும்வரை வாடகைக்கு இரு.

ஆனால் வரலாமா, வேண்டாமா என்று இன்றைக்கே சொல்லு என்றால், வராதே என்றுதான் சொல்வேன். தூக்கத்தையும் சோலையையும் அவர் மூச்சையும் பற்றி மேலே எழுதியது அத்தனையும் உண்மை. இருந்தும் இன்று அந்தப் பதில்தான் வருகிறது. மூன்று நாளாக விடாமல் மழை, கொடியில் அவர் ஸ்வெட்டர் மூன்று நாளாகத் தொங்குகிறது. உன்னை இதற்குள் இழுத்துவிட எனக்கு மனசு வரவில்லை.

இன்று காலை டார்ச் அடித்துப் பின்சுவரைப் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் சத்தமாக ஓடுகிறது. பூச்சை உரித்தபோது பழைய கோடுகள் எல்லாம் போய்விட்டன, அதனால் புதுச் சுண்ணாம்பில் தரையை ஒட்டி முதல் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். அதற்கு மேலே கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறது, ஈரமாக இல்லை. ஜனவரியில் மறுபடி பார்த்துச் சொல்கிறேன்.