பழைய ஜீப்பில் இழுவை குறைந்தால்: வேக்குவம் கேஜா, கம்ப்ரஷன் கேஜா?

மேட்டில் திணறும் பழைய பெட்ரோல் ஜீப்பில் பலரும் முதலில் கை வைப்பது பாவம், கார்புரேட்டரில்தான். அதற்கு முன், இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிட அளவைக் காட்டும் வேக்குவம் கேஜை, சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் செல்லும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் பொருத்திப் பார்க்கலாம். சூடேறிய இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது, கடல்மட்ட ஊர்களில் முள் ஏறத்தாழ 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் அசையாமல் நிற்க வேண்டும். சீரான இடைவெளியில் துடித்து இறங்கினால் வால்வு ஒன்று சரியாக மூடவில்லை என்றும், வேகத்தை உயர்த்தி அப்படியே வைத்திருக்கையில் மெல்லச் சரிந்தால் சைலன்சர் அடைத்திருக்கிறது என்றும் ஐயுறலாம். ஆனால், எந்தச் சிலிண்டரில் கோளாறு என்பதை அது சொல்லாது.

ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜுக்கு எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்ற வேண்டும். எனினும், அளவு குறைந்த சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளக்கையில் அளவு கூடினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) எனப் பிரித்தறியலாம். அடைத்த சைலன்சரை அது காட்டிக்கொடுக்காது என்பதால், வேக்குவம் கேஜுக்கே முதலிடம் தருவேன்.