டர்போ போச்சு என்றார்கள். அடைத்திருந்தது ஆயில் இறங்குகிற பைப்

டீசல் பிக்கப், மினி லாரி ஓட்டுகிறவர்கள், முக்கியமாகத் தவணை கட்டி ஓட்டுகிறவர்கள், இதைக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். ஐந்தே வாரத்தில் 46,300 ரூபாயும் பதினொரு நாள் ஓட்டமும் எனக்குப் போய்விட்டன. அந்தப் பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போவது என் பிழைப்பு. சாயங்காலம் ஏற்றினால் விடிவதற்குள் இறக்க வேண்டும். ஒருநாள் லோடோடு போகும்போது வண்டி இழுக்கவே இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் புஸ்ஸென்று காற்று போகிற சத்தம், பின்னால் கரும்புகை. மறுநாள் பெரிய பட்டறை ஒன்றில் கொண்டுபோய் விட்டேன்.

அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார்கள்: "டர்போ போயிடுச்சு சார். இப்படியே ஓட்டினா எஞ்சினும் போயிடும்." டர்போ என்பது எரிந்த புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற சாமான். நம்பிக்கை வரட்டும் என்று காற்று ஹோஸைக் கழற்றி, உள்ளே இருந்த சக்கரத்தை விரலால் ஆட்டிக் காட்டினார்கள். லேசாக ஆடியது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, இந்த வகை டர்போவில் ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது பக்கவாட்டில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னுமாக இழுத்துப் பார்த்து ஆடினாலோ, சக்கரத்தின் இறக்கை கூட்டில் உரசிய தடம் இருந்தாலோதான் கவலைப்பட வேண்டும். அந்தச் சோதனையை அங்கே யாரும் செய்யவில்லை.

பில் 31,800. டர்போவுக்கு மட்டும் 24,500. பழைய டர்போவைக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டோம், அதைக் கழிச்சுத்தான் ரேட்" என்றார்கள். வாங்காமல் வந்தேன். நான் செய்த பெரிய தப்பு அது.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு பழனியில் டீக்கடை முன்னால் வண்டியை ஐடிலிங்கில் விட்டு நிற்கும்போது பார்க்கிறேன், சைலன்ஸரிலிருந்து நீலப்புகை. ஆயில் அளவு குச்சியில் ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. இன்டர்கூலருக்கு (டர்போவிலிருந்து வருகிற சூட்டுக் காற்றைக் குளிரவைக்கிற பெட்டி) போகிற ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் ஊறி நிற்கிறது. திரும்ப அங்கேயே போனேன். "சூட்டோட ஆஃப் பண்ணியிருக்கீங்க, டிரைவர் தப்புக்கு வாரண்டி இல்ல" என்றார்கள். நான் எப்போதும் ஒரு நிமிடமாவது ஐடிலிங்கில் விட்டுத்தான் அணைப்பேன். எடுபடவில்லை. டர்போவின் நடுப்பாகத்தை மட்டும் மாற்றியதாகச் சொல்லி இன்னொரு 14,500 வாங்கினார்கள். நாலே நாளில் மறுபடி நீலப்புகை.

உடுமலையில் லாரி வேலை பார்க்கிற ஒரு பெரியவரிடம் கூட்டாளி ஒருவன் கூட்டிப்போனான். அவர் டர்போவைத் தொடவே இல்லை. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து கையை வைத்துப் பார்த்தார். பிறகு எஞ்சினுக்குள் சேருகிற வாயு வெளியே போகிற பிரீதர் பைப்பை ஊதிப் பார்த்தார். "கேஸ் எதுத்து அடிக்கல தம்பி, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. கீழ பாப்போம்" என்று வண்டிக்கு அடியில் போனவர், டர்போவிலிருந்து எஞ்சினுக்கு ஆயில் திரும்பி வருகிற ரிட்டர்ன் பைப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

கம்பெனி போட்ட இரும்புப் பைப் அங்கே இல்லை. அதற்குப் பதிலாகச் சாதாரண ரப்பர் ஹோஸ், அதுவும் தேவைக்கு மேல் நீளமாக. நடுவில் தொங்கி, பாம்பு வளைந்த மாதிரி ஒரு பள்ளம். சூட்டு ஆயில் பட்டு உள்சுவர் ஊதிக் கூழாகியிருந்தது. டர்போவுக்கு அடியில் பேக்கிங் வைக்க வேண்டிய இடத்தில் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். இறுக்கும்போது அது உள்பக்கம் பிதுங்கி, ஓட்டையில் பாதிக்கு மேல் மூடியிருந்தது. மேலிருந்து டீசலை ஊற்றிக் காட்டினார். நூல் மாதிரி இறங்கியது.

அவர் அதன் பிறகு சொன்னதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்ல நினைக்கிறேன். சின்ன டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதைத் தாங்குகிற ஆயிலை எஞ்சின் பம்ப் மெல்லிய குழாய் வழியாக அழுத்தி உள்ளே அனுப்புகிறது. ஆனால் வெளியே வருவதற்கு எந்தப் பம்பும் கிடையாது. ஷாஃப்ட்டில் அடிபட்டுக் காற்று கலந்து நுரையான ஆயில், தன் எடையால்தான் கீழே இறங்க வேண்டும். அதனால்தான் உள்ளே வருகிற குழாய் பென்சிலைவிட மெல்லிசாக இருந்தாலும், வெளியே போகிற பைப் விரல் பருமனுக்கு இருக்கிறது. அது கூடியமட்டும் நேராகக் கீழே இறங்க வேண்டும். டர்போ செய்கிறவர்களே செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது என்கிறார்கள். நடுவில் பள்ளம் இருக்கக்கூடாது. எஞ்சினில் சேருகிற இடம் சம்பில் (எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) நிற்கிற ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

ஷாஃப்ட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் இருப்பதாக நான் நினைத்திருந்தேன். இல்லை. பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன இரும்பு வளையம்தான். அது பெரும்பாலும் காற்றையும் எரிந்த வாயுவையும் தடுப்பதற்கு. தேங்கி நிற்கிற ஆயிலை அதனால் தடுக்க முடியாது. கீழே வழி அடைத்தால் நடுக்கூடு நிரம்பி, ஆயில் அந்த வளையத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் கசியும். ஐடிலிங்கில் வளையத்துக்கு வெளிப்பக்கம் காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பதால் அப்போதுதான் புகை அதிகம். புது டர்போ போட்டாலும் இதே கதைதான்.

இதில் பணத்தைவிட என்னைப் பதற வைத்தது வேறு. காற்றுப் பாதையில் ஆயில் அதிகமாகப் போனால் டீசல் எஞ்சின் அதையே எரித்துத் தானாக ரேஸ் ஆகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்தபடி கிளட்சை விட்டுத்தான் அதை அணைக்க வேண்டும். அந்த நாலு நாளும் என் தம்பி கேபினில் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தான்.

பெரியவர் கம்பெனி இரும்புப் பைப்பும் இரண்டு பேக்கிங்கும் வாங்கிப் போட்டார். 1,900 ரூபாய். இன்டர்கூலரைக் கழற்றி ஆயிலை வடித்துச் சுத்தம் செய்தார். டர்போவுக்குள் ஆயில் போகிற வாயில் புது ஆயிலை ஊற்றிக் கையால் சுற்றிவிட்ட பிறகுதான் எஞ்சினைப் போட்டார். கூலி 800. டர்போவை மாற்றவே இல்லை, ஷாஃப்ட் நன்றாக இருக்கிறது என்றார். இரண்டு மாதத்தில் 12,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, புகை இல்லை.

முதல் பில்லை அவரிடம் காட்டினேன். ஒரு வரியில் விரலை வைத்தார்: "இன்டர்கூலர் ஹோஸ் 1,150". கரும்புகை, புஸ் சத்தம், இழுவை இல்லை, இந்த மூன்றும் சேர்ந்தால் அவர் முதலில் பார்ப்பது கிழிந்த ஹோஸைத்தானாம். "உன் பழைய டர்போ நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். அதைப் பார்த்து உறுதி செய்ய இப்போது வழியில்லை. அது எங்கே போய், யார் வண்டியில் ஓடுகிறதோ.

டர்போ மாற்றச் சொன்னால் கழற்றும்போது கூடவே நில்லுங்கள். ரிட்டர்ன் பைப்பைத் தனியாகக் கழற்றி ஊதிக் காட்டச் சொல்லுங்கள். அதில் பேஸ்ட் வைக்க விடாதீர்கள், பேக்கிங்தான் வேண்டும் என்று நின்று கேளுங்கள். பழைய சாமானை வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசினேன். பட்டறையிலிருந்து பதில் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே மனு போட்டுவிட்டேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அந்த ரப்பர் ஹோஸ், பேஸ்ட் ஒட்டியபடியே, தினத்தாளில் சுற்றி வீட்டுப் பீரோவில் இருக்கிறது. விசாரணைத் தேதி வந்ததும் எடுத்துப் போவேன்.