லீட்ஸா, ஃபில்மோரா, ஜப்பானா: ஒரே ஒரு லைவ் ராக் எல்பி வாங்கணும்னா?

பழைய ராக் கேக்குறவங்க யார்கிட்ட வேணா கேளுங்க, பெஸ்ட் லைவ் கச்சேரி எதுன்னா இந்த மூணுல ஒண்ணாவது வாயில வந்துடும். தி ஹூவோட லைவ் அட் லீட்ஸ், ஆல்மன் பிரதர்ஸ் பேண்டோட அட் ஃபில்மோர் ஈஸ்ட், டீப் பர்பிளோட மேட் இன் ஜப்பான். 1970-ல ஒண்ணு, 71-ல ஒண்ணு, 72-ல ஒண்ணு. மூணையும் ஸ்ட்ரீமிங்ல வருஷக்கணக்கா கேட்டாச்சு. இப்ப வீட்டுக்கு டர்ன்டேபிள் வந்ததும் எல்பியா, அதான் அந்தப் பெரிய வினைல் தட்டா, ஒண்ணுதான் எடுக்க முடியும்ங்கிற நிலைமை, இம்போர்ட்டட் எல்பி என்ன விலை விக்குதுன்னு உங்களுக்கே தெரியும். நான் எடுத்தது மேட் இன் ஜப்பான். ஏன்னு சொல்றேன், ஆனா மத்த ரெண்டும் சோடைன்னு யாரும் நினைச்சுக்காதீங்க.

யாரு நல்லா வாசிக்கிறாங்கன்ற சண்டைக்கே நான் வரல. ஆல்மன் பிரதர்ஸோட டுவேன் ஆல்மன், தி ஹூவோட பீட் டவுன்ஷெண்ட், டீப் பர்பிளோட ரிச்சி பிளாக்மோர்னு கிட்டார் வாசிக்கிற மூணு பேரும் மூணு திசை, அதுல ஒப்பீடுன்னு ஒண்ணும் இல்ல, உங்க காதுக்கு எது பிடிக்குதோ அது.

லீட்ஸ்ல இருந்து ஆரம்பிப்போம். 1970 பிப்ரவரி 14, லீட்ஸ் யுனிவர்சிட்டியோட சாப்பாட்டுக் கூடம், ஆமா ஸ்டூடண்ட்ஸ் தட்டை வெச்சுட்டு உக்கார்ற அதே ஹால். அதுக்கு முந்தின அமெரிக்க டூர்ல பதிவு பண்ணின டேப் எல்லாத்தையும் உக்காந்து கேக்கப் பொறுமை இல்லாம டவுன்ஷெண்ட் சவுண்ட் ஆள்கிட்ட எரிச்சுடச் சொல்லிட்டு, புதுசா லீட்ஸ், மறுநாள் ஹல்னு ரெண்டு ஊர்ல பதிவு பண்ணினாங்க. ஹல் டேப்ல சில பாட்டுக்கு பேஸ் கிட்டாரே ஏறல, அதனால லீட்ஸ் ஜெயிச்சுது. ஒரே ராத்திரி, ஒரே ஹால், இதுதான் இந்த ஆல்பத்தோட பெரிய பலம். இசைன்னு பாத்தா ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான், ஆனா ஜான் என்ட்விஸில் பேஸ் வாசிக்கிற விதத்துல ரெண்டாவது கிட்டார் இல்லைங்கிற நினைப்பே வராது.

சிக்கல் என்னன்னா எந்த லீட்ஸ்? 1970-ல வந்த எல்பில 6 பாட்டுதான். 1995 சிடில 14. அந்த ராத்திரி அவங்க வாசிச்ச டாமிங்கிற ராக் ஓபரா 2001-ல வந்த டீலக்ஸ் பதிப்புலதான் முழுசா வந்துச்சு, அதுவும் மேடையில வாசிச்ச வரிசையில இல்லாம தனியா ரெண்டாவது டிஸ்க்குக்குத் தள்ளிட்டாங்க. அப்புறம் இன்னொண்ணு, அந்த ராத்திரி பேக்கிங் வோக்கல்ஸ், அதாவது பின்பாட்டு, சரியா ஏறலன்னு டவுன்ஷெண்டும் என்ட்விஸிலும் பிற்பாடு ஸ்டூடியோவுல நின்னு பாடிச் சேர்த்திருக்காங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ வருது.

ஃபில்மோர் ஈஸ்ட் என்னைக் கடைசி வரைக்கும் இழுத்துச்சு. நியூயார்க்ல பில் கிரஹாம் நடத்தின தியேட்டர், 1971 மார்ச்ல பதிவு, ஜூலைல ஆல்பம், அதுக்குள்ள ஜூன் கடைசிலயே தியேட்டரை மூடிட்டாரு. அக்டோபர் 29-ல டுவேன் ஆல்மன் பைக் விபத்துல போயிட்டாரு, 24 வயசு. இதெல்லாம் தெரிஞ்சு கேக்கும்போது விப்பிங் போஸ்ட் பாட்டு 23 நிமிஷமும் வேற மாதிரி இறங்கும். ரெண்டு டிரம்மர், ரெண்டு லீட் கிட்டார், ஒருத்தரை ஒருத்தர் மிதிக்காம நகர்றாங்க பாருங்க, அந்த ஒழுங்கு மத்த ரெண்டு பேண்ட்லயும் கிடையாது. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு கேக்கணும்னா நான் இன்னிக்கும் இதைத்தான் போடுவேன். ஆனா புரொட்யூசர் டாம் டவுட் இதுல கத்திரி வெச்சிருக்காரு. யூ டோண்ட் லவ் மி பாட்டு ரெண்டு ஷோவுல இருந்து வெட்டி ஒட்டினது, ஸ்டார்மி மண்டேல ஹார்மோனிகா சோலோவே போச்சு. ஒட்டு தெரியாது, அவ்வளவு சுத்தமான வேலை, ஆனா ஒட்டு ஒட்டுதான்.

இதுதான் எனக்கு முடிவு பண்ணிக் குடுத்த விஷயம், டேப் மேல அப்புறமா எவ்வளவு கை பட்டிருக்கு. சிலருக்கு இது பெரிசா படாது, நல்லா இருந்தா போதும்பாங்க, நியாயம்தான். ஆனா லைவ்னு அட்டையில போட்டு விக்கிறாங்க இல்லையா? கிஸ் பேண்டோட அலைவ் ஆல்பம் 1975-ல பேய்த்தனமா வித்துச்சு, அதுல ஸ்டூடியோ வேலை ஏகத்துக்கு இருக்குன்னு பிற்பாடு வெளிய வந்துச்சு. தின் லிஸி பேண்டோட லைவ் அண்ட் டேஞ்சரஸ்ல எவ்வளவு நிஜமா மேடையில நடந்ததுன்னு புரொட்யூசர் ஒரு கணக்கு சொல்லுவாரு, பேண்ட்காரங்க நேர் எதிரா ஒரு கணக்கு சொல்லுவாங்க. முதல் பத்து தடவை கேக்கும்போது இதெல்லாம் தெரியாது. ஆனா எல்பின்னு ஒண்ணு வாங்கினா அதையேதான திருப்பித் திருப்பிப் போடப் போறோம், அப்ப சரி பண்ணின இடம் எல்லாம் ஒரே மாதிரி வழவழன்னு போக ஆரம்பிச்சுடும், காது நிக்கிறது எல்லாம் அந்த ராத்திரி நிஜமா நடந்த சின்னச் சின்ன விஷயத்துலதான்.

மேட் இன் ஜப்பான் வந்த கதையே வேடிக்கை. டீப் பர்பிளுக்கு லைவ் ஆல்பம் போட இஷ்டமே இல்ல. ஜப்பான் கம்பெனிக்காரங்க வற்புறுத்தினதால சரி, ஆனா எங்க இன்ஜினியர் மார்ட்டின் பிர்ச்தான் பதிவு பண்ணணும், டேப் எங்ககிட்ட இருக்கணும்னு கண்டிஷன் போட்டு ஒத்துக்கிட்டாங்க. 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா ஃபெஸ்டிவல் ஹால், 17 டோக்கியோ புடோகான். 8 டிராக் மெஷின். பேஸ் வாசிச்ச ரோஜர் குளோவரும் டிரம்ஸ் வாசிச்ச இயன் பெய்ஸும் மட்டும் உக்காந்து மிக்ஸ் பண்ணினாங்க, பாடின இயன் கில்லனும் பிளாக்மோரும் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. ஓவர்டப், அதாவது பிற்பாடு ஸ்டூடியோவுல சேர்க்குறது, கிடையாதுங்கிறதுதான் பேண்ட்காரங்க பேச்சு. ஜப்பானுக்கு மட்டும்னு ஆரம்பிச்ச ஆல்பம் உலகம் பூரா போய் இன்னிக்கு அவங்க பேரு சொன்னாலே இதுதான் ஞாபகத்துக்கு வருது.

கேட்டுப் பாருங்க. ஒரு பக்க ஸ்பீக்கர்ல பிளாக்மோர், மறுபக்கம் ஜான் லார்டோட ஹேமண்ட் ஆர்கன், அதையும் மார்ஷல் ஆம்ப் வழியா விட்டு கிட்டார் மாதிரியே உறும விட்டிருக்காரு, நடுவுல மத்த மூணு பேரு. கண்ணை மூடினா யாரு எங்க நிக்கிறாங்கன்னு கை காட்டலாம். ஸ்மோக் ஆன் தி வாட்டர், உலகத்துல கிட்டார் கையில எடுத்தவன் எல்லாம் முதல்ல வாசிச்சுப் பாக்குற ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கு), அதை பிளாக்மோர் நேரா ஆரம்பிக்கிறதே இல்ல, கொஞ்சம் தாளத்தை மாத்தி விளையாடிட்டுத்தான் உள்ள வர்றாரு. அப்ப அது வெளிவந்து அரை வருஷம்கூட ஆகாத பாட்டு, அமெரிக்காவுல ஹிட் ஆனதே அடுத்த வருஷம்தான். சைல்ட் இன் டைம் 12 நிமிஷம், ஆரம்பத்துல ஆர்கன் மட்டும் மெதுவா போகும்போது ஹால் எவ்வளவு அமைதின்னு கேக்குது, கில்லன் குரல் படிப்படியா ஏறி அலறல்ல போய் நிக்குது. ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்ல பிளாக்மோர் கிட்டார்ல ஒண்ணு வாசிக்க கில்லன் அதையே தொண்டையில திருப்பிக் குடுக்க, போட்டி முத்திப் போயி கடைசில ஒரு நீளமான கத்தல். ஸ்டூடியோவுல இதைத் திட்டம் போட்டு எடுக்க முடியாது. பாட்டுக்கு நடுவுல, "எல்லாத்தையும், மத்த எல்லாத்தையும் விடச் சத்தமா வைக்க முடியுமா"ன்னு மேடையில இருந்து சவுண்ட் ஆள்கிட்ட கேக்குற அந்தப் பிரபலமான பேச்சும் அப்படியே விட்டிருக்காங்க.

குறை இல்லாம இல்ல. தி மியூல்ல இயன் பெய்ஸோட டிரம் சோலோ, நம்ம சபாவுல தனி ஆவர்த்தனம் வந்ததும் கேண்டீனுக்கு எழுந்து போற ஆளா நீங்க, அப்ப இது உங்களுக்கு இல்ல. ஸ்பேஸ் டிரக்கின் ஸ்டூடியோவுல நாலரை நிமிஷம், இங்க கிட்டத்தட்ட 20, எல்பில நாலாவது பக்கம் முழுக்க அதுவேதான், நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம் எனக்கே எங்க போறாங்கன்னு புரியாது. அப்புறம் பெரிய ஆட்சேபம், இது ஒரு கச்சேரியே இல்ல, மூணு ராத்திரில பொறுக்கினது. ஸ்மோக் ஆன் தி வாட்டர் 15-ஆம் தேதி, தி மியூலும் லேசியும் டோக்கியோ, மத்ததெல்லாம் 16. அந்த வகையில லீட்ஸ்தான் நேர்மைன்னு ஒருத்தர் சொன்னா என்கிட்ட முழுசா பதில் இல்ல. பாட்டுகளைப் பொறுக்குறது வேற, பாட்டுக்குள்ள போய் வெட்டுறது, பாடிச் சேர்க்குறது வேறன்னு மட்டும்தான் சொல்லுவேன். சந்தேகம் இருக்கிறவங்க 1993-ல வந்த 3 சிடி லைவ் இன் ஜப்பானைக் கேளுங்க, மூணு ராத்திரியும் பெரும்பாலும் அதுல இருக்கு, ஒரே சோலோ மறுநாள் வேற வழில போறது தெரியும்.

அடுத்த வருஷம் 1973 ஜூன்ல அதே ஒசாகாவுலதான் கில்லனும் குளோவரும் கடைசி ஷோ வாசிச்சுட்டு பேண்டை விட்டுப் போனாங்க, அப்புறம் அஞ்சு பேரும் ஒண்ணா சேர 1984 ஆச்சு.

அந்தக் காலத்துலயே அச்சடிச்ச ஒரிஜினல் பிரஸ்ஸிங் எப்படி இருக்கும்னு என்கிட்ட கேக்காதீங்க, நான் சொல்றது எல்லாம் பிற்பாடு மறுபடி போட்ட ரீஇஷ்யூவை வெச்சுத்தான், என் ஸ்பீக்கரும் ரொம்ப சாதாரணம். புளூஸ் பக்கம் சாய்ற காது, நிதானமா கேக்குற ஆளுன்னா கண்ணை மூடிட்டு ஃபில்மோர் எடுங்க, எனக்கும் அடுத்து காசு சேர்ந்தா அதுதான். லீட்ஸ் எடுக்குறவங்க கடையில பின்னட்டையைத் திருப்பி 6 பாட்டா 14 பாட்டான்னு எண்ணிட்டு காசைக் குடுங்க. லீட்ஸோட பழைய எல்பி லேபிள்ல, "கரகரப்புச் சத்தம் இருக்கும், திருத்த வேணாம்"னு கையாலயே எழுதியிருப்பாங்க, அதைப் பாத்து பீஸ் சரியில்லன்னு திருப்பிக் குடுத்துடாதீங்க.