தங்கமா, இரும்பா, குவாண்டம் புள்ளியா?

ரத்தத்தில் புற்றின் தடயத்தைத் தேட மூன்று வகை நானோ துகள்கள் (மிகமிக நுண்ணிய துகள்கள்) போட்டியில் நிற்கின்றன. எது தேறும், பார்ப்போம். கர்ப்பம் பார்க்கும் பட்டையில் சில நிமிடத்தில் ஒரு சிவப்புக் கோடு எழுகிறதே, பெரும்பாலும் அது சாயமல்ல, தங்கம். சில பத்து நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால் தங்கம் மஞ்சளை விட்டுச் சிவந்துவிடும். அதன்மேல் ஆன்டிபாடியைப் பூசினால், தேடும் புரதத்தைக் கவ்விக்கொண்டு கோட்டில் போய்க் குவியும். ஆண்களுக்கு இருக்கும் பிராஸ்டேட் சுரப்பியின் புற்றைத் தேட உதவும் பி.எஸ்.ஏ. புரதத்துக்கும் இதே பட்டை உண்டு. ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரம், அவ்வளவுதான். ஆனால் கண் 'இருக்கிறது' என்று சொல்லும்; 'எவ்வளவு' என்றால் விழிக்கும். ஒரு மில்லி ரத்தத்தில் 4 நானோகிராமுக்கு மேலா, கீழா என்பதில்தான் பி.எஸ்.ஏ.வின் பேச்சே இருக்கிறது.

தங்கத்தையே வேறு விதமாக 2003இல் அமெரிக்காவின் சாட் மிர்க்கின் குழு பயன்படுத்தியது. துகளில் ஆன்டிபாடியோடு டி.என்.ஏ. இழைகளையும் ஏற்றினார்கள். ஒரு புரதம் சிக்கினால் ஏராளமான இழைகளைக் கழற்றி எடுக்கலாம், எண்ணுவது அவற்றை. வழக்கமான சோதனையைவிடப் பத்து லட்சம் மடங்கு கூர்மை! சரி, அவ்வளவு கூர்மை யாருக்கு வேண்டும்? வயதானால் புற்று இல்லாமலே பிராஸ்டேட் வீங்கும், பி.எஸ்.ஏ.வும் ஏறும். அங்கே கூர்மை கூடி என்ன பயன்? சுரப்பியையே எடுத்துவிட்டவர் கதை வேறு. அவர் உடம்பில் அது இருக்கவே கூடாது. துளி தெரிந்தாலும் சேதிதான்.

இரும்புத் துகள் புரதத்தை விட்டுவிட்டுப் புற்றுச் செல்லையே பிடிக்கப் போகிறது. செல்சர்ச் என்ற இந்தச் சோதனைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004இல் அனுமதி தந்தது. 7.5 மில்லி ரத்தத்தில் ஆன்டிபாடி பூசிய துகளைக் கலந்து காந்தம் வைத்தால், துகள் ஒட்டிய செல்கள் ஓரமாக ஒதுங்கும். வெள்ளணுக்களும் கூடவே வரும். அவற்றை வேறு நிறத்தில் சாயமேற்றிக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணுவார்கள். பரவிய மார்பகப் புற்றில் இப்படி எண்ணிய செல்கள் 5 அல்லது அதற்கு மேல் என்றால் நிலைமை மோசம். நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிற நோய் எந்தப் பக்கம் போகிறது என்றுதான் சொல்லும்.

ஒளி பட்டால் மின்னும் நுண்ணிய குறைக்கடத்தித் துகளான குவாண்டம் புள்ளிதான் பார்க்க அழகு: ஒரே ஒளியில் அளவுக்கு ஒரு நிறம், ஒரே மாதிரியில் பல புரதங்கள். 2023 நோபலும் வந்துவிட்டது. ஆனால் பலவற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது, அதைக் கொட்டுவது தலைவலி.

என் ஓட்டு இரும்புக்கு. அதிகக் கூர்மைக்காக அல்ல. 5 என்று வந்தால் மருத்துவர் என்ன யோசிக்க வேண்டும் என்பது அங்கே தெளிவாக இருக்கிறது.