சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ‘புது’ ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறீர்களா, இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பழைய கம்ப்யூட்டரில் பாதியை வைத்துக்கொண்டு பாதியை மட்டும் மாற்றலாம் என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படிக் கலந்து போடுவதில் கடைக்காரருக்கு ஒரு வசதி உண்டு, எது கோளாறு ஆனாலும் பழியை உங்கள் பழைய சாமான் தலையில் கட்டிவிடலாம். எனக்கு அப்படித்தான் ஆனது. மொத்தம் 26,500 ரூபாய் கொடுத்தேன், அதில் 11,300 வீண்.

என்னிடம் இருந்தது 2018இல் வாங்கிய ரைசன் 5 1600 ப்ராசசர், பி350 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. பி350 மாதிரி பழைய போர்டிலும் ரைசன் 5000 ப்ராசசர் ஓட 2022இல் ரைசன் கம்பெனியான ஏஎம்டி வழி விட்டுவிட்டது, போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்தால் போதும். அதையும் பழைய ப்ராசசரைக் கழற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், மறந்தால் திரையில் ஒன்றும் வராது. நான் வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். ரைசன் 5 5600 12,000 ரூபாய், 16 ஜிபி ரேம் 3,200. இரண்டும் சீல் உடையாத பெட்டி, இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

வம்பு வந்தது ஆர்எக்ஸ் 580 கார்டிலும், எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸிலும்தான். கார்டு 9,500. “8 ஜிபி, புது பீஸ் தம்பி, கம்பெனி பாக்ஸ் இல்லாததாலதான் இந்த ரேட்டு” என்று ஒரு காக்கி அட்டைப் பெட்டியை நீட்டினார். கூடவே 1,800 ரூபாய்க்கு ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ். பில் கேட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும் என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், சீரியல் நம்பர் எதுவும் அதில் இல்லை. விலை குறைகிறதே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன், அது என் தப்பு.

வீட்டில் மாட்டியதும் டிரைவர் ஏறவில்லை, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கார்டில் கோளாறு என்று விண்டோஸ் சொல்லும் கோட் 43. போன் செய்தால் வாட்ஸ்அப்பில் ஒரு சின்ன ஃபைல் அனுப்பி “இதை ரன் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க” என்றார். ஓடியது. கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங்கில் கார்டை ஓட்டுபவர்கள் மெமரி வேகத்துக்காகக் கார்டின் பயாஸை மாற்றிவிடுவார்கள், அதை ஏஎம்டி டிரைவர் ஏற்காது, அந்தச் சோதனையைத் தாண்ட வைக்கிற பேட்ச்தான் அது என்று அப்புறம்தான் தெரிந்தது. புதுக் கார்டுக்கு எதற்கு அப்படி ஒரு பேட்ச்?

ஓடியது என்றேனே, அதுவும் பத்து நிமிடம்தான். கேம் சூடுபிடிக்கிற நேரத்தில் மொத்த கம்ப்யூட்டரும் பட்டென்று அணையும். பெரம்பூரிலிருந்து ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் கேபினெட்டை வைத்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் கேபினெட்டைத் திறக்கக்கூட இல்லை. “போர்டு பழசு தம்பி, போர்டை மாத்துங்க.” பயாஸ் அப்டேட் செய்ததைச் சொன்னதும் முகமே மலர்ந்துவிட்டது. “அதான் பிரச்சினையே!”

வீட்டுக்கு வந்து பழைய 1050 டிஐயை அதே போர்டில் மாட்டி மூன்று மணி நேரம் ஆடினேன், ஒரு தடவைகூட அணையவில்லை. அப்புறம்தான் எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு ஸ்டிக்கரை உட்கார்ந்து படித்தேன். மேலே பெரிதாக 450 வாட், கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். கார்டும் ப்ராசசரும் இழுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஆர்எக்ஸ் 580க்கு மட்டும் 185 வாட், 5600க்கு 65, சேர்த்தால் 250. 1050 டிஐக்கு 75 வாட்டே போதும், அதனால்தான் அது சமாளித்தது.

மறுநாள் ஆபீஸ் நண்பன் ஒருவனின் புது மெஷினில் கார்டைப் போட்டோம். அங்கேயும் அதே கோட் 43. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்ன யூனிட்) எண்ணிக்கை 2048. உண்மையான 580க்கு 2304 இருக்க வேண்டும், 2048 என்பது அதற்குக் கீழே உள்ள ஆர்எக்ஸ் 570இன் கணக்கு. இப்படிக் குறைத்த 580ஐ 2048எஸ்பி என்ற பெயரில் ஏஎம்டியே 2018இல் சீனாவுக்காக விட்டது, ஆனால் கடையில் அந்தப் பெயரை யாரும் வாயில் எடுக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் திருகுகளின் தலையில் கருப்புப் பெயின்ட் தேய்ந்து வெள்ளையாக மின்னியது, கார்டின் ஓரத்தில், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்த கறை, ஸ்லாட்டில் செருகும் தங்கப் பற்களில் ஏற்கெனவே பல தடவை செருகி எடுத்த கீறல். இவ்வளவையும் கடை வாசலிலேயே பார்த்திருக்கலாம். வாங்குகிறவர்கள் கடையிலேயே மாட்டி ஜிபியு-இசட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், பேட்ச் எதுவும் இல்லாமல் டிரைவர் ஏறுகிறதா என்று பாருங்கள், சீரியல் நம்பரோடு பில் தராவிட்டால் கிளம்பிவிடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்தேன், பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

கடைசியாக ஒரு தடவை, ஸ்கிரீன்ஷாட்டோடு போனேன். சண்டை போடவில்லை, கார்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு காசைக் கொடுங்கள் அண்ணா என்றுதான் கேட்டேன். அவர் கார்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், திருகுகளை நகத்தால் சுரண்டினார்.

“மைனிங்ல ஓடின பழைய கார்டு தம்பி இது. 4,000க்கு மேல எடுக்க முடியாது.”