டிஸ்சார்ஜ் தாளில் அவசரக் கையெழுத்து வேண்டாம்

வார்டில் எல்லாரும் அன்பாகத்தான் பேசியிருப்பார்கள். நோயாளி கைவிடப்படுவது பெரும்பாலும் கடைசி அரை மணி நேரத்தில். பில் கட்டியாச்சு, வண்டி வாசலில் நிற்கிறது, கையில் ஒரு ஃபைலும் மாத்திரைப் பையும். "எல்லாம் அதுலயே எழுதியிருக்கு." அவ்வளவுதான்.

அடிக்கடி நடப்பது இது. வீட்டில் ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. இருக்கும். அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. பழையதை நிறுத்தச் சொல்ல ஆளில்லை. இரண்டையும் விழுங்கினால் 10 மி.கி. தலை சுற்றும், கணுக்கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்து இன்னொரு டாக்டர் நீர் மாத்திரை எழுதுவார். ஒன்று போதுமான இடத்தில் இப்போது மூன்று.

வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை அப்படியே அள்ளிக்கொண்டு போங்கள். பெரிய எழுத்துப் பெயரை விடுங்கள். பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் ஒப்பிடுங்கள். தொடரணுமா, நிறுத்தணுமா, அளவு மாறியிருக்கா என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வாங்குங்கள். மெத்தோட்ரெக்சேட் இருந்தால் இரட்டிப்புக் கவனம்: மூட்டுவாதத்துக்கு அதை வாரம் ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டு உயிரே போனவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று தாளில் இருக்கட்டும்.

அடுத்து, வராத ரிப்போர்ட். கல்ச்சர், அதாவது ரத்தத்திலோ சிறுநீரிலோ இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, முடிவு வர 2, 3 நாள் ஆகும். அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கொடுத்த ஆன்டிபயாடிக்குக்குக் கிருமி மசியாது என்று ரிப்போர்ட் வந்தாலும் அதைத் தேடி எடுக்க ஆளிருக்காது. யார் பார்ப்பார், எந்த எண்ணில் கேட்பது என்று தெரியாமல் கிளம்பாதீர்கள்.

ஆஸ்பத்திரி நடத்துபவர்களுக்கும் ஒன்று. "புரிஞ்சுதா?" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால், நாம் சொல்லிக்கொடுத்தது போதவில்லை, மறுபடி சொல்லுங்கள். கருத்துப் படிவத்தை பில் கவுன்டரில் நீட்டாதீர்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் டிக் விழும். மூன்றாம் நாள் போன் செய்து, எதைப் போடுகிறார், எதை நிறுத்தினார் என்று கேளுங்கள். வார்டில் அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸே பேசினால் பதில் ஒளிக்காமல் வரும்.